பகலில் மட்டும் வரும் மாமா

தொழிற்சாலை வாசலில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘செக்கிங் சார்’ என்பார்கள். முதுகைத் திருப்பினால் ‘சார்’ உதிர்ந்துவிடும், வெறும் செக்கிங்தான். பிளாஸ்டிக் வாளியும் குடமும் செய்கிற இடம் அது. காவலாட்களுக்கு அவர் மேலாள். வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது, சாப்பாட்டு டப்பாவைத் தட்டிப் பார்ப்பது, பிள்ளைத்தாய்ச்சியைக்கூட “கொஞ்சம் நில்லும்மா” என்று நிறுத்தி ஏற இறங்கப் பார்ப்பது என்று எல்லாம் உண்டு. இதை எல்லாம் சம்பளத்துக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பாவம், வயிற்றுப்பாடு. இவர் ஆசைக்குச் செய்தார். ஒரு நாள் முழுக்க யாரும் மாட்டவில்லை என்றால் அன்றைக்கு இவரிடம் வாய் கொடுக்க முடியாது.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டினால், கண்ணையும் சேர்த்தா கழற்றி மாட்டிவிடுவார்? பால் சீக்கிரம் தீர்ந்தால் விசாரணை. கல்லூரிக்குப் போகிற மகள் தாமதமாக வந்தால் விசாரணை. மனைவிக்கு ஒரு தம்பி உண்டு, லாரி ஓட்டுகிறவன், வாய்த்துடுக்குக்காரன். ஒரு விசேஷ வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், “மாமா, அக்கா சமையலையாவது செக் பண்ணாம சாப்பிடுவீங்களா, இல்ல அங்கயும் டப்பாவைத் தட்டிப் பாப்பீங்களா?” என்று கேட்டுவிட்டான். கூட்டமே சிரித்தது. மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது போதாதா?

“இனிமே அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது. மிதிச்சான்னு தெரிஞ்சுது, நீயும் பொட்டியைத் தூக்கிட்டு அவன்கூடவே கிளம்பு” என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு அவள் தம்பியோடு போனில் பேசுவதோடு சரி, அதுவும் இவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

அவருடைய அப்பாவும் அந்த வீட்டில்தான் இருந்தார். பக்கவாதம் வந்து ஒரு காலும் பாதிக் குரலும் போய்விட்ட பெரியவர். நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் போய் வருவார், அதுதான் அவருடைய ஊர்சுற்றல். கத்திக் கூப்பிட்டால் அடுத்த அறைக்கே கேட்காது. அடுத்த வீட்டுக்குக் கேட்க வழியே இல்லை, ஏனென்றால் அடுத்த வீடு இரும்பு கிரில் பட்டறை. அங்கே பகல் பூராவும் இரும்பை அறுத்துக்கொண்டே இருப்பார்கள்.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகிறேன் என்று கேட்டபோது செக்கிங் போட்ட ஒரே நிபந்தனை அப்பாதான். “நீ இல்லாதப்ப அவருக்கு ஒண்ணுன்னா, அன்னிக்கே வேலைக்கு முழுக்கு. அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது.” அவள் யோசித்தாள். கடைவீதியில் விசாரித்து ஒரு பெல் வாங்கி வந்தாள். பித்தானைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்டிலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுவரில் செருக வேண்டும். பித்தானை அழுத்தினால் பெட்டி வீட்டு வைஃபை வழியாக அவளுடைய போனை அலற வைக்கும். அவள் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வருவாள், கூப்பிடு தூரம்தான்.

பெரியவர் முதல் தடவை அழுத்தியது சும்மா, வருகிறாளா என்று பார்க்க. வந்தாள், மூச்சு வாங்க. “ஒண்ணுமில்லம்மா, குழாய் சொட்டுதோன்னு தோணுச்சு” என்று சமாளித்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை, குழாயை இறுக்கிவிட்டுப் போனாள். இரண்டாவது தடவை நிஜமாகவே மூச்சு முட்டியபோது அழுத்தினார், அப்போதும் வந்தாள். அதற்குப் பிறகு பெரியவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தப் பித்தானைத் தூக்கிக் காட்டுவார். “அழுத்தினா போதும். என் மருமக வந்து நிப்பா” என்பார். மகன் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏதோ பேட்டரி பொம்மை என்று நினைத்தார். அதற்கும் வைஃபைக்கும் சம்பந்தம் உண்டு என்று அவர் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கட்டிலருகே ஒரே ஒரு பிளக்தான். சாயந்திரமானால் பெரியவருக்கு அதில் ஃபேன் போட வேண்டும். அதனால் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது வெள்ளைப் பெட்டியைச் செருகுவாள், வந்ததும் பிடுங்கிவிட்டு ஃபேனைச் செருகுவாள். செக்கிங் காலையில் அவளுக்கு முன்னால் கிளம்பி, சாயந்திரம் அவளுக்குப் பின்னால் வருகிறவர். ஆகவே அந்தப் பெட்டி உயிரோடு இருக்கிற நேரத்தில் அவர் வீட்டில் இருக்க மாட்டார். அவர் வீட்டில் இருக்கிற நேரத்தில் அதற்கு உயிர் இருக்காது.

ஒரு நாள் டிவியில் படம் சுற்றிச் சுற்றி நின்றது. நெட்காரரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் தன் போனில் என்னவோ திறந்து பார்த்து, “உங்க வீட்ல எத்தனை பேர் சார்?” என்று கேட்டார்.

“நாலு பேர். எங்கப்பாகிட்ட போன் கிடையாது.”

“இங்க பாருங்க, அதுக்கு மேலயே தொங்கிட்டிருக்கு.”

செக்கிங் எட்டிப் பார்த்தார். வரிசையாக எண்கள். ஒன்றுக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் அழையாத ஆட்கள் தன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. மூக்கு வியர்த்துவிட்டது.

“இது என்ன நம்பர்?”

“நூத்தித் தொண்ணூத்தி ரெண்டுன்னு ஆரம்பிக்குதில்ல, அது தெருப் பேர் மாதிரி சார். வீட்டுக்குள்ள எல்லாத்துக்கும் அதேதான். கடைசி நம்பர் மட்டும் வேற வேற. அது டோக்கன். உள்ள வர்ற மெஷினுக்கு உங்க வைஃபை பெட்டி குடுக்குற டோக்கன். இன்னிக்கு ஒண்ணு இருக்கும், நாளைக்கு மாறிடும்.”

“டோக்கன் மாறுச்சுன்னா ஆளை எப்படிய்யா பிடிக்கறது?”

“கீழ எழுத்தும் நம்பருமா நீளமா இருக்கு பாருங்க, அது மச்சம் மாதிரி. மெஷின் செய்யும்போதே அதுல போட்டு அனுப்பிடுவாங்க. ஆனா இப்ப வர்ற போனெல்லாம் அந்த மச்சத்தையும் மறைச்சு வேற ஒண்ணைக் காட்டும். அதை வெச்சு திருடன்னு முடிவு பண்ணிடக் கூடாது. முக்காவாசி உங்க வீட்டுச் சாமானாத்தான் சார் இருக்கும். பிளாக் பண்றதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”

நல்ல மனுஷன், நல்ல விதமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் செக்கிங் கேட்கிற ஆளா? கேட்டால் பொய் சொல்வார்கள் என்பது அவர் வாசலில் நின்று கற்ற பாடம். கேட்காமல் பையைத் திற, அதுதான் அவருக்குத் தெரிந்த வழி. நெட்காரர் போட்டுக் கொடுத்த ஆப்பைத் தன் போனில் வைத்துக்கொண்டார். எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாமாம், அங்கிருந்தே தடையும் போடலாமாம். இப்படி ஒரு சங்கதி இத்தனை காலம் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் வாசல் அறையில் உட்கார்ந்து திறந்து பார்த்தார். டிவி இருந்தது, துணி துவைக்கிற மெஷின் இருந்தது, இரண்டும் கம்பெனிப் பெயரோடு நின்றன. மூன்றாவதாக ஒன்று, பெயர் இல்லாமல் வெறும் மச்சத்தோடு உட்கார்ந்திருந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்து பார்த்தார், காணோம். அடுத்த நாள் மத்தியானம் பார்த்தார், வந்துவிட்டது. சாயந்திரம் மறுபடி காணோம். நான் போனதும் வருகிறான், நான் வருவதற்குள் போய்விடுகிறான். யாராயிருக்கும்?

விடுமுறை நாளன்று வீட்டையே வரிசையில் நிற்க வைத்தார். “ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணுங்க. எது மறையுதுன்னு நான் பாக்கணும்.” டிவியை நிறுத்தினார்கள், ஒன்று மறைந்தது. மெஷினை நிறுத்தினார்கள், ஒன்று மறைந்தது.

“துணி துவைக்கறதுக்கு எதுக்குடி நெட்டு?”

“எனக்கென்னங்க தெரியும், அதுவா வந்துச்சு” என்றாள் மனைவி.

போன்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துவிட்டார். கணக்கு நேராக இருந்தது. பகல் ஆள் மட்டும் அன்றைக்கு வரவில்லை. வருமா? மனைவி வீட்டிலிருந்தாள், பெட்டி செருகவில்லை, பெரியவரின் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை, ‘பகல்ல மட்டும் ஒண்ணு வருதே, அது என்னது?’ என்று அன்றைக்கு அவர் வாய் திறந்து கேட்டிருந்தால், இந்தக் கதையே இல்லை. கேட்கவில்லை, படுபாவி. திருடனை எச்சரித்துவிடக் கூடாதாம்.

அன்று சாயந்திரமே மகளின் போன் வேறு மச்சத்தோடு உள்ளே வந்தது. இவர் அடித்தார் தடை. மகள் எண்ணெயில் போட்ட கடுகாய்ப் பொரிந்தாள். “என்னப்பா இது, பரீட்சை நேரத்துல! போன் அப்பப்ப நம்பரை மாத்திக்கும்ப்பா. அதை நான் ஆஃப் பண்ணி வெச்சுடறேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் போட்டுட்டா இந்தக் குழப்பமே வராது. நீங்க டென்ஷன் ஆகாதீங்க, நாங்க போட்டுடறோம்.”

நாங்க என்றாள். இவர் காதில் நான் என்று விழுந்தது. மகள் ஆப்பை அம்மாவின் போனில் போட்டு, எங்கே அழுத்துவது என்று காட்டிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். அடுப்படியில் நின்றபடி ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பெயர் போட்டது மனைவி. இவருடைய போனுக்கு ‘அப்பா’. தன்னுடையதற்கு ‘அம்மா’. மகளுடையதற்கு ‘பாப்பா’. காலேஜுக்குப் போகிற பெண் தன் போனுக்குத் தானே பாப்பா என்று பெயர் வைத்துக்கொள்வாளா? ஊரார் சாப்பாட்டு டப்பாவை எல்லாம் தட்டிப் பார்க்கிறவர் இதைத் தட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கு மிக்ஸியைத் தவிர வேறு ஒரு மெஷினும் தெரியாது என்பது அவருடைய முடிவு. அந்த முடிவை அவர் ஒருநாளும் சோதித்ததில்லை.

மறுநாள் காலையில் மனைவி வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வெள்ளைப் பெட்டியைச் செருகினாள். ஆப்பில் பெயரில்லாமல் ஒன்று எழும்பியது. இது மட்டும் ஏன் அனாதையாக நிற்க வேண்டும் என்று அதற்கும் ஒரு பெயர் போட்டாள். யாருடைய கழுத்தில் அந்தப் பித்தான் தொங்கியதோ அவரை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எப்படிக் கூப்பிடுகிறாளோ, அதையே போட்டாள். ‘மாமா.’

அந்தச் சொல்லைப் பற்றி நான் என்ன சொல்ல! அது பொதுக்குழாய், வருகிறவர் போகிறவர் எல்லாம் பிடித்துக்கொள்ளலாம். மருமகளுக்கு மாமனார் மாமா. மகளுக்கு அம்மாவின் தம்பி மாமா. அந்தத் தம்பிக்கோ இந்தச் செக்கிங்கே மாமா. பக்கத்து வீட்டுப் பொடிசுகளுக்கு மீசை வைத்த எவனும் மாமா. யார் வாயிலிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் யாரைச் சொல்கிறது என்று தெரியும். ஆப்புக்கு வாய் ஏது?

அன்று மத்தியானம் செக்கிங் வாசல் அறையில் போனைத் திறந்தார். அதே மச்சம், பகல் ஆளின் மச்சம், இப்போது பெயரோடு நின்றது. மாமா. பெயர் போட்டவள் மகள். மகளுக்கு மாமா என்றால் ஒருத்தன்தான். ஆக, லாரிக்காரன் தினம் பகலில் வீட்டுக்கு வருகிறான், அக்காளுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும், வீட்டில் ஒரு முட்டாள் இருக்கிறான், அவனுக்கு மட்டும் தெரியாது. அப்பாவாக இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றாமல் இல்லை. அவரிடம்தான் போனே இல்லையே என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டார். லாரிக்காரன் அன்றைக்கு எங்கேயோ நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சரான டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் என்பது வேறு விஷயம்.

போன் பண்ணிக் கேட்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கையும் களவுமாகப் பிடிக்கலாம், அதுவும் செய்யவில்லை. அவருக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது. அவன் பாட்டுக்கு என் நாற்காலியில் சாய்ந்து என் நெட்டில் படம் பார்த்துக்கொண்டிருப்பான், திடீரென்று நிற்கட்டும். முழிக்கட்டும். அக்காளுக்குப் போன் போடட்டும். அவள் எனக்குப் போன் போட்டு, ‘என்னங்க, நெட் வரலியே’ என்று கூழைக்கும்பிடு போடட்டும். ‘உனக்கெப்படித் தெரியும், நீதான் கடையில இருக்கியே’ என்று அப்போது கேட்கிறேன். இதை நினைக்க நினைக்க இனித்தது. மாமா என்ற பெயரின் மேல் விரலை வைத்துத் தடையை அழுத்தினார். பெயர் சாம்பல் நிறமானது. ஒரு டீ வரவழைத்துக் குடித்தார்.

வீட்டில் கட்டிலுக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டியின் பச்சை விளக்கு சிவப்பானது. கட்டிலில் கிடக்கிறவருக்கு அது தெரியாத இடம்.

பெரியவர் கழிப்பறைக்குப் போகத்தான் எழுந்தார். ஸ்டாண்டின் ஒரு கால், பிடுங்கிப் போட்டிருந்த ஃபேன் வயரில் மாட்டியது. விழுந்தார். இடுப்பில் ஏதோ முறிந்தது அவருக்கே கேட்டது. வலி பொறுக்க முடியவில்லை, ஆனாலும் பயப்படவில்லை அந்த மனிதர், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கழுத்தில் பித்தான் இருக்கிறது, அழுத்தினால் வருவாள். அழுத்தினார். வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். சரியாக அழுந்தவில்லையோ என்று மறுபடி அழுத்தினார். பக்கத்தில் இரும்பு அறுபட்டுக்கொண்டிருந்தது. கத்திப் பார்த்தார். உடுப்பு நனைந்தது, அதிலேயே கிடந்தார். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து அவர் முகத்துக்கு வந்து, முகத்தைத் தாண்டியும் போயிற்று. அழுத்திக்கொண்டே இருந்தார். கண்ணாடிக் கடையில் மனைவியின் போன் கல்லாப் பக்கத்தில், அவள் கண்ணெதிரே, சத்தமில்லாமல் கிடந்தது.

அவள் சாயந்திரம் வந்து கதவைத் திறந்தபோது அவர் கட்டைவிரல் பித்தானின் மேல்தான் இருந்தது. குரல் சுத்தமாகப் போயிருந்தது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள்.

“அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்தேன். நீ வரலியே.”

அவள் கணவனைப் போனில் கூப்பிட்டாள். செக்கிங் காத்திருந்த போன். அழுகைச் சத்தம் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

“மாமா... என்னங்க, மாமா...”

“வந்துட்டியா வழிக்கு? என்னாச்சு மாமாவுக்கு?”

“கீழ விழுந்து கிடக்கறாருங்க.”

“விழட்டும். நல்லா விழட்டும். கூப்பிடாத வீட்டுக்குள்ள வந்தா விழத்தான் செய்வான்.”

அவள், பிள்ளைக்குச் சொல்வது போல, “உங்க அப்பாங்க. உங்க அப்பா விழுந்து கிடக்கறாரு” என்றாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். இந்த வயசுக்கும் இந்த இதயத்துக்கும் ஆபரேஷன் தாங்காது, இனி படுக்கைதான் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே பெஞ்சில் மனைவி தன் போனைத் திறந்து திறந்து காட்டினாள். “ஒரு தடவைகூட அடிக்கலங்க. சத்தியமா அடிக்கல. பாருங்க.”

“சைலண்ட்ல போட்டிருப்ப. கடையில அரட்டை அடிக்க இடைஞ்சலா இருக்கும்ல?” இதைச் சொல்லும்போது அவருக்கு உண்மை தெரியாது. அந்த ஒரு வாக்கியத்துக்கு வேண்டுமானால் அவரை மன்னிக்கலாம்.

மகள் அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள். “அப்பா, மாமான்னு இருக்கறதை யாரோ பிளாக் பண்ணிருக்காங்க.”

“அவன் வந்ததால பண்ணேன்.”

“எவன்?”

“உன் மாமன். நீதானே பேர் போட்ட?”

மகள் அவரை வெறித்துப் பார்த்தாள். “நான் எங்கப்பா போட்டேன்? எல்லாம் அம்மா போட்டது. அம்மாவுக்கு மாமா யாருப்பா? அது தாத்தாவோட பெல்லு.”

செக்கிங் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியாவது தப்பித்திருப்பார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பார்வை தாங்காமல் அவர் எழுந்தார்.

“பேர் வெக்கத் தெரியுதா உனக்கு? பெல்லுன்னு போட்டா என்ன குறைஞ்சு போச்சு? மாமாவாம் மாமா! எவனுக்குப் புரியும் அது?” என்று ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மனைவி, “சரிங்க, தப்பு என்னுதுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவு எளிதாக அந்தப் பழியை வாங்கிக்கொண்டாளே என்று எனக்கு அவள் மேலும் கோபம்தான்.

பெரியவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மனைவி வேலையை விட்டாள், விட வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. பெல்லைச் சரி செய்து, எதிரிலேயே நின்று ஒரு தடவை அழுத்தி, போன் அலறுவதைக் காட்டி, மறுபடியும் அவர் கழுத்தில் மாட்டினாள். அவள் அந்தப் பக்கம் போனதும் பெரியவர் அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டார். அவளிடம் தண்ணீர் கேட்க மாட்டார். படுக்கை நனைந்தால் சொல்ல மாட்டார், அவளாக வந்து பார்க்கிற வரைக்கும் ஈரத்திலேயே கிடப்பார். அவள் துணி மாற்றும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்.

“மாமா, பெல்லு என் போனுக்கு வரவே இல்ல மாமா. அவங்க தெரியாம அதை நிறுத்திட்டாங்க” என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

“கூப்பிட்டு வராததும் இல்லாம, புருஷன் மேல பழி போடறியா?” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் சொல்லிப் பார்த்தாள். “உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?” என்றார். பெரியவரின் தங்கை பார்க்க வந்தாள், அவளிடம் மட்டும் பாதிக் குரலில் பேசினார். அந்த அம்மாள் போகும்போது வாசலில் நின்று, “நாலு பேரைப் பாத்துப் பல்லைக் காட்டற வேலை. கிழவன் கூப்பிட்டது எப்படிக் காதுல விழும்?” என்று மருமகளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். சொந்தத்தில் ஒருத்தர் விடாமல் அது பரவிற்று.

மனைவி கணவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சமையலறையில், பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“நான் வேலையை விட்டது விட்டதாவே இருக்கட்டும். ஊர் என்ன வேணா பேசட்டும். மாமாகிட்ட மட்டும் நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாரு. உங்களை ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. என்னைக் கண்டாலே அவர் கண்ணை மூடிக்கறது எனக்குத் தாங்கலைங்க.”

“சொல்றேன், சொல்றேன். நேரம் பாத்துச் சொல்றேன்.”

நேரம் பார்த்தார். அப்பா தூங்குகிறார், எழுப்பக் கூடாது. இன்றைக்குக் காய்ச்சல், வேண்டாம். இன்றைக்கு முகம் தெளிவாக இருக்கிறது, அதைக் கெடுப்பானேன்? இப்படியே ஓடியது. பயம், வேறென்ன! எத்தனையோ பேரைப் பையும் கையுமாகப் பிடித்து, கூனிக் குறுக வைத்து, அழ வைத்து அனுப்பியவர். பிடிபட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று அவரை விட யாருக்குத் தெரியும்? அந்த முகத்தோடு அப்பா முன்னால் நிற்க அவரால் முடியவில்லை. தொழிற்சாலையில் எப்போதும் போல டப்பாக்களைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவர் நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டிருந்தார். முதுகில் புண் வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் பக்கத்திலேயே இருங்கள் என்று மட்டும் சொன்னார். மகன் லீவு போட்டார். மருமகள் கரைத்துக் கொடுக்கிற பாலை மகன் கையிலிருந்து மட்டும் குடித்தார் பெரியவர்.

ஒரு மத்தியானம் பட்டறையில் வேலை இல்லை, தெருவே அமைதியாக இருந்தது. மகன் கட்டிலில் உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். மனைவி மாற்றுத் துணியோடு கதவருகே வந்து நின்றாள். பெரியவருக்கு அவள் நிற்பது தெரியவில்லை. மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் இன்னும் கொஞ்சம் பலம் இருந்தது.

“நீ ஒருத்தன்தான்டா எனக்கு” என்றார்.

மகன் மறு கையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டார்.

“அன்னிக்கு அந்த பெல்லு அவளுக்குப் போகாம உன் போனுக்கு வந்திருந்தா, நீ ஓடி வந்திருப்பே. இல்லடா?”

மகன் தலையைத் தூக்கினார். கதவருகே மனைவி அசையாமல் நின்றாள். இப்போதாவது சொல்லுங்கள் என்று அவள் முகம் முழுக்க எழுதியிருந்தது, கண் தெரியாதவனுக்குக்கூடப் புரிந்திருக்கும். பெரியவர் பதிலுக்காகப் பிடியை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்திருப்பேன்ப்பா” என்றார் மகன்.

பெரியவர் நிம்மதியாக வாயைத் திறந்தார். மகன் அடுத்த ஸ்பூனை ஊட்டினார்.